பரக்கத் – சொல்லும் பொருளும்

அன்பிற்குரிய சகோதர சகோதரிகளே! அஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.

இந்த ஸலாமின் கடைசிச் சொல்தான் இந்த இதழின் பாடம். பரக்கத் என்ற சொல் இல்லாமல் நமக்கு ஒரு நாளும் கழிவதில்லை. தொழுகையில் அத்தஹிய்யாத்து ஓதும்போது சொல்கிறோம். அதைத் தொடர்ந்து ஓதும் ஸலவாத்தில் முஹம்மது (ஸல்) அவர்களுக்கும் அவர்களின் குடும்பத்தாருக்கும் பரக்கத் செய்யும்படி கேட்கிறோம். சூரா அல்முல்க்கை நம் வீடுகளில் 'தபாரக சூரா' என்றே அழைக்கிறார்கள். பெருநாளில் 'ஈத் முபாரக்' என்கிறோம். பிள்ளைகளுக்கு முபாரக், பரக்கத்துல்லாஹ், பரக்கத் நிஸா என்று பெயர் வைக்கிறோம். நபி (ஸல்) அவர்களைச் சிறுவயதில் பராமரித்த உம்மு ஐமன் (ரலி) அவர்களின் இயற்பெயரும் பரக்கா என்பதுதான்.

இவ்வளவு பழகிய சொல்லுக்குப் பொருள் கேட்டால், நம்மில் பெரும்பாலோர் "காசு பணம் பெருகுவது" என்போம். அது பொருளில் ஒரு பகுதி மட்டுமே. அந்தப் பகுதியோடு நின்றுவிடுவதால் இரண்டு தவறுகள் நடக்கின்றன. நேர்மையாக உழைத்தும் கை இறுக்கத்தில் இருக்கும் ஒருவர், "நம்ம வீட்டில பரக்கத்து இல்ல" என்று மனம் நொந்துகொள்கிறார். வட்டியிலோ அளவைக் குறைத்தோ சேர்த்த இன்னொருவர், தமக்கு அல்லாஹ் பரக்கத் செய்துவிட்டான் என்று நிம்மதியாக இருக்கிறார். இரண்டுமே ஆபத்தான எண்ணங்கள். எனவே குர்ஆனும் ஹதீஸும் இச்சொல்லை எங்கெல்லாம் வைத்திருக்கின்றன என்று பார்ப்போம்.

சொல்லின் வேர்

அரபியில் இச்சொல்லின் வேர் எழுத்துகள் பா, ரா, காஃப். ஒட்டகம் மண்டியிட்டு, நெஞ்சைத் தரையில் பதித்து உட்கார்ந்துவிட்டால் அதற்கு இந்த வேரிலிருந்து வந்த வினையையே அரபிகள் பயன்படுத்துவார்கள். தண்ணீர் தேங்கி நிற்கும் குளத்துக்கு 'பிர்கா' என்று பெயர். இரண்டிலும் இருப்பது ஓரிடத்தில் வந்து தங்கிவிடுவது என்ற கருத்து. குர்ஆனின் சொற்களுக்கு 'அல்முஃப்ரதாத்' என்ற அகராதியை எழுதிய இமாம் ராகிப் அல்இஸ்ஃபஹானி அவர்கள், ஒரு பொருளில் இறைவனின் நன்மை நிலைபெற்றிருப்பதே பரக்கத் என்று விளக்குகிறார்கள். 'லிஸானுல் அரப்' அகராதியில் இப்னு மன்ளூர் அவர்கள் வளர்ச்சி, பெருக்கம் என்ற பொருளைத் தருகிறார்கள். ஆக, நன்மை தங்குவதும் பரக்கத்; தங்கிய நன்மை வளர்வதும் பரக்கத்.

நம் ஊர்க் கண்மாயை நினைத்துப் பாருங்கள். எவ்வளவு மழை பெய்தது என்பது ஒரு கணக்கு. கண்மாயில் எவ்வளவு தண்ணீர் நின்றது, எத்தனை வயலுக்குப் பாய்ந்தது என்பது வேறு கணக்கு. கரை உடைந்திருந்தால் அடைமழையும் ஓடிப்போய்விடும். வருமானம் மழையைப் போன்றது. பரக்கத்தைப் பற்றிய கேள்வி, அது நம்மிடம் நின்றதா, யாருக்கு நன்மையாகப் பாய்ந்தது என்பதே.

நிஃமத், ரஹ்மத், பரக்கத்

தமிழில் இந்த மூன்று சொற்களையும் பல நேரம் 'அருள்' என்ற ஒரே சொல்லால் சொல்லிவிடுகிறோம். அதனால் வேறுபாடு மறைந்துவிடுகிறது. நிஃமத் என்பது கொடுக்கப்பட்ட கொடை. உடல்நலம், பிள்ளைகள், கையில் வந்த சம்பளம் எல்லாம் நிஃமத். ரஹ்மத் என்பது கொடுத்தவனின் கருணை. கொடுத்த பொருள் நமக்கு இம்மையிலும் மறுமையிலும் நன்மையாக நிலைத்து, பயன் தந்து, வளர்வது பரக்கத். இதைத்தான் நம் மொழிபெயர்ப்பாளர்கள் 'அபிவிருத்தி', 'அருள்வளம்', 'பாக்கியம்' என்று பலவாறாகத் தமிழாக்கினார்கள். எந்த ஒரு சொல்லும் முழுவதும் பிடிபடாததால்தான் 'பரக்கத்' என்ற சொல்லே நம் பேச்சில் தங்கிவிட்டது போலும்.

குர்ஆன் எதையெல்லாம் பரக்கத்தானது என்கிறது?

முதலில் ஓர் அடிப்படை. 'தபாரக' என்ற வினைச்சொல் குர்ஆனில் ஒன்பது இடங்களில் வருகிறது. ஒன்பதும் அல்லாஹ்வைக் குறித்தே. படைப்பினங்களில் எதற்கும் இந்த வினை பயன்படுத்தப்படவில்லை. மனிதருக்கும் பொருளுக்கும் 'முபாரக்', அதாவது பரக்கத் செய்யப்பட்டது என்றே வருகிறது. பரக்கத்தின் ஊற்று அல்லாஹ் ஒருவனே. மற்ற எல்லாம் அவனிடமிருந்து பெற்றுக்கொள்பவை. இதை மனத்தில் இருத்திக்கொண்டால், "இந்தத் தகட்டைக் கடையில் மாட்டுங்கள், பரக்கத் கொட்டும்" என்று சொல்பவரிடம் பணத்தைக் கொடுத்து ஏமாற மாட்டோம்.

அடுத்து, பரக்கத் செய்யப்பட்டவற்றின் பட்டியல். இறங்கிய வேதம் (38:29), அது இறங்கிய இரவு (44:3), மக்காவில் மனிதருக்காக அமைந்த முதல் ஆலயம் (3:96), மஸ்ஜிதுல் அக்ஸாவின் சுற்றுப்புறம் (17:1), வானிலிருந்து இறங்கும் மழைநீர் (50:9), ஒலிவ மரம் (24:35). ஈஸா (அலை) அவர்கள் தொட்டிலில் பேசியபோது, தாம் எங்கிருந்தாலும் அல்லாஹ் தம்மை பரக்கத் பெற்றவராக ஆக்கியிருப்பதாகச் சொன்னார்கள் (19:31). நன்மையைக் கற்றுத்தருபவர், மக்களுக்குப் பயன்படுபவர் என்று விரிவுரையாளர்கள் இதை விளக்குகிறார்கள். வீட்டில் நுழையும்போது சொல்லும் ஸலாமும் பரக்கத்தான வாழ்த்து என்று குர்ஆன் சொல்கிறது (24:61). இவற்றில் எதுவும் தனக்குள்ளேயே முடங்கிவிடுவதில்லை. மழை மண்ணுக்கு, மரம் விளக்குக்கு, வேதம் மனிதருக்கு என எல்லாமே பிறருக்குப் பயன் தருபவை.

இனி இரண்டு வசனங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஊர் மக்கள் ஈமான் கொண்டு இறையச்சத்தோடு நடந்திருந்தால் வானத்திலிருந்தும் பூமியிலிருந்தும் பரக்கத்துகளைத் திறந்துவிட்டிருப்போம் என்ற கருத்தை 7:96 வசனத்தில் காண்கிறோம். 6:44 வசனத்தில், அறிவுரையை மறந்துவிட்டவர்களுக்கும் எல்லாப் பொருள்களின் வாசல்களையும் திறந்துவிட்டதாக அல்லாஹ் சொல்கிறான். அவர்கள் அதில் மகிழ்ந்திருந்தபோது திடீரெனப் பிடித்தான். இரண்டு இடத்திலும் வாசல் திறந்தது. ஆனால் இரண்டாவது இடத்தில் 'பரக்கத்' என்ற சொல் இல்லை. செல்வம் வந்து குவிவது மட்டும் பரக்கத்துக்கு அடையாளம் ஆகாது என்பதற்கு இதைவிடத் தெளிவு வேண்டுமா?

தராசின் முன்னால்

பரக்கத்தைப் பற்றி இரண்டு பெரிய பாடங்கள் ஒரே நபித்தோழர் வழியாக நமக்குக் கிடைத்துள்ளன. அவர் ஹகீம் பின் ஹிஸாம் (ரலி). அன்னை கதீஜா (ரலி) அவர்களின் சகோதரர் மகன், ஒரு வியாபாரி.

முதல் பாடம் வியாபாரத்தைப் பற்றியது. விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசி, பொருளின் குறையை மறைக்காமல் எடுத்துச் சொன்னால் அந்த வியாபாரத்தில் இருவருக்கும் பரக்கத் செய்யப்படும். மறைத்துப் பொய் சொன்னால் அந்த பரக்கத் அழிக்கப்படும் என்று நபி (ஸல்) அவர்கள் அறிவித்தார்கள் (புகாரி 2079). சத்தியம் செய்து விற்றால் சரக்கு போகும், பரக்கத்தும் போய்விடும் என்ற கருத்தும் வேறொரு நபிமொழியில் உண்டு (புகாரி 2087).

இந்த இரு ஹதீஸ்களிலும் 'அழிப்பது' என்பதற்கு வரும் அரபுச் சொல் 'மஹ்க்' என்ற வேரைச் சேர்ந்தது. அல்லாஹ் வட்டியை அழிக்கிறான், தர்மங்களை வளர்க்கிறான் என்று சொல்லும் 2:276 வசனத்திலும் அதே வேர்ச்சொல்தான். மாதக் கடைசியில் நிலவு தேய்ந்து தேய்ந்து கண்ணுக்கே தெரியாமல் போகும் இரவுகளுக்கு அரபியில் 'மிஹாக்' என்பார்கள். வட்டியிலும் பொய்யிலும் வந்த பணம் ஒரே நாளில் எரிந்து போவதில்லை. அது இப்படித்தான் தேயும். இருக்கிற மாதிரியே இருக்கும். ஒருநாள் பார்த்தால் இருக்காது.

நம் கடைகள் பலவற்றில் கல்லாவுக்கு மேலே, இது என் இறைவனின் அருட்கொடை என்று பொருள்படும் வாசகத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறோம். நல்லதுதான். ஆனால் நபி (ஸல்) அவர்கள் வியாபாரத்தின் பரக்கத்தைப் பலகையோடு இணைக்கவில்லை. நாவோடும் தராசோடும் இணைத்தார்கள். அடிமூட்டையில் பழைய அரிசி, மேலே புது அரிசி என்று வைத்துவிட்டு, பலகையைப் பார்த்து பரக்கத் கேட்பது எப்படிப் பொருந்தும்? பழைய வண்டியை விற்கும்போது எஞ்சினில் உள்ள கோளாறைச் சொன்னால் ஐயாயிரம் குறையலாம். அந்தக் குறைந்த விலையில்தான் பரக்கத் இருக்கிறது என்பதை நம்புவது ஈமானின் சோதனை.

கேட்டுப் பெறும்போது

ஹகீம் (ரலி) அவர்களின் இரண்டாவது பாடம் அவர்களுடைய சொந்த அனுபவம். அவர்கள் நபி (ஸல்) அவர்களிடம் பொருள் கேட்டார்கள், கொடுத்தார்கள். மறுபடியும் கேட்டார்கள், கொடுத்தார்கள். மூன்றாம் முறையும் கொடுத்துவிட்டு நபியவர்கள் ஓர் அறிவுரை சொன்னார்கள். இந்தச் செல்வம் பசுமையானது, இனிமையானது. பேராசையில்லாத மனதோடு எடுப்பவருக்கு அதில் பரக்கத் செய்யப்படும். பேராசையோடு எடுப்பவருக்கு பரக்கத் இராது, அவர் உண்டும் வயிறு நிரம்பாதவரைப் போன்றவர். கொடுக்கும் மேல்கை வாங்கும் கீழ்க்கையைவிடச் சிறந்தது என்பது அதன் கருத்து. அன்றே ஹகீம் (ரலி) அவர்கள், இனி எவரிடமும் எதையும் பெறமாட்டேன் என்று உறுதிகூறினார்கள். பிறகு அபூபக்ர் (ரலி) அவர்களும் உமர் (ரலி) அவர்களும் தத்தம் ஆட்சிக்காலத்தில் அவருக்கு உரிய பங்கையே கொடுக்க அழைத்தபோதும் வாங்க மறுத்தார்கள். மரணம்வரை அப்படியே இருந்தார்கள் (புகாரி 1472).

இதை யாரும் தவறாகப் புரிந்துகொள்ளக் கூடாது. நபியவர்கள் மூன்று முறையும் கொடுத்தார்கள், கேட்டதற்காக விரட்டவில்லை. தேவையுள்ளவர் ஜகாத்தையோ உதவியையோ பெறுவது அல்லாஹ் அவருக்கு வைத்த உரிமை. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பாடம் மனத்தைப் பற்றியது. அதே ஆயிரம் ரூபாயை இருவர் வாங்கலாம். ஒருவர் அல்ஹம்துலில்லாஹ் என்று வாங்கி அந்த மாத அரிசியையும் பிள்ளையின் நோட்டுப் புத்தகத்தையும் வாங்குவார். இன்னொருவர் பக்கத்து வீட்டாருக்கு எவ்வளவு கிடைத்தது என்று கணக்குப் பார்த்தே நிம்மதியை இழப்பார்.

உணவுத் தட்டில்

நாங்கள் உண்கிறோம், ஆனால் வயிறு நிரம்புவதில்லை என்று தோழர்கள் முறையிட்டபோது, நீங்கள் தனித்தனியாக உண்கிறீர்களோ என்று நபி (ஸல்) அவர்கள் கேட்டார்கள். ஆம் என்றதும், சேர்ந்து உண்ணுங்கள், அல்லாஹ்வின் பெயரைச் சொல்லுங்கள், பரக்கத் செய்யப்படும் என்று வழிகாட்டினார்கள் (அபூதாவூத் 3764). இருவரின் உணவு மூவருக்குப் போதும் என்றும் சொன்னார்கள் (புகாரி 5392). ஸஹர் உணவில் பரக்கத் இருக்கிறது என்றார்கள் (புகாரி 1923). விரலில் ஒட்டியதையும் வீணாக்க வேண்டாம், உணவின் எந்தப் பகுதியில் பரக்கத் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது என்றார்கள் (முஸ்லிம் 2033).

ஒரே ஸஹனைச் சுற்றி உட்கார்ந்து உண்ணும் வழக்கம் நம் முன்னோரிடம் இருந்தது. இன்றும் பல ஊர்களில் விருந்துகளில் இருக்கிறது. வீட்டிலோ ஆளுக்கொரு நேரம், ஆளுக்கொரு மூலை, ஆளுக்கொரு கைபேசி. ஒருவேளை உணவாவது வாப்பா, உம்மா, பிள்ளைகள் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து உண்ணக் கூடாதா?

அளப்பதா, வேண்டாமா?

இங்கே ஒரு கேள்வி எழும். உணவுப் பொருளை அளந்துகொள்ளுங்கள், பரக்கத் செய்யப்படும் என்ற கருத்தில் ஒரு ஹதீஸ் உண்டு (புகாரி 2128). அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் சொல்லும் செய்தியோ வேறுமாதிரி இருக்கிறது. நபி (ஸல்) அவர்கள் வஃபாத்தானபோது வீட்டில் சிறிது வாற்கோதுமை மட்டும் இருந்தது. அதை நீண்ட நாள் உண்டுவந்தார்கள். ஒருநாள் எவ்வளவு இருக்கிறது என்று அளந்து பார்த்தார்கள். அதன்பின் தீர்ந்துபோனது (புகாரி 3097).

இரண்டுக்கும் முரண் இல்லை என்று அறிஞர்கள் விளக்குகிறார்கள். வாங்கும்போதும் விற்கும்போதும் அளக்க வேண்டும். அங்கே அளவு பிறர் உரிமையைக் காக்கிறது. வீட்டில் உண்ணவும் பிறருக்கு வழங்கவும் எடுக்கும்போது, 'தீர்ந்துவிடுமோ' என்று கை நடுங்கி அளப்பதுதான் பரக்கத்தைப் போக்கும். நாம் பல நேரம் தலைகீழாகச் செய்கிறோம். கடையில் எடைக்கல்லைக் கவனிப்பதில்லை. யாசித்து வந்தவருக்குக் கொடுக்கும்போது மட்டும் எண்ணி எண்ணிக் கொடுக்கிறோம்.

நிக்காஹ் மேடையில்

அறியாமைக் காலத்து அரபிகள் மணமகனை, ஒற்றுமையோடும் ஆண்பிள்ளைகளோடும் வாழ்க என்ற பொருளில் வாழ்த்துவார்கள். அந்த வாழ்த்துக்குப் பதிலாக நபி (ஸல்) அவர்கள், அல்லாஹ் உமக்கு பரக்கத் செய்வானாக என்று தொடங்கி, இருவரையும் நன்மையில் ஒன்றுசேர்க்கும்படி கேட்கும் துஆவைக் கற்றுத்தந்தார்கள் (திர்மிதீ 1091). இன்றும் ஒவ்வொரு நிக்காஹிலும் அதையே ஓதுகிறோம்.

மதீனாவுக்கு வெறுங்கையோடு வந்த அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்களுக்கு, ஸஅத் பின் ரபீஃ (ரலி) அவர்கள் தம் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்தார்கள். உங்கள் குடும்பத்திலும் பொருளிலும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக, எனக்குச் சந்தைக்கு வழி காட்டுங்கள் என்று அவர் பதில் சொன்னார். பாலாடைக் கட்டியும் நெய்யும் விற்று முன்னேறினார். சில நாள்களில் தம் உழைப்பிலிருந்தே ஒரு பேரீச்சங்கொட்டை எடைத் தங்கத்தை மஹராகக் கொடுத்து மணமுடித்தார். நபி (ஸல்) அவர்கள் அவருக்கு பரக்கத் கேட்டு துஆ செய்து, ஓர் ஆட்டையேனும் அறுத்து வலீமா கொடுக்கச் சொன்னார்கள் (புகாரி 2048, 5155). மணமகன் கொடுத்தார், பெண் வீட்டாரிடம் எதையும் வாங்கவில்லை.

நம் மண்டபத்தில் என்ன நடக்கிறது? மணமகளின் வாப்பா வட்டிக்கு வாங்கிய பணத்தில் நகையும் சீரும் சீதனமும் வந்திருக்கும். அவர் ஓரமாக நின்று விருந்தினரை உபசரித்துக்கொண்டிருப்பார். மேடையில் 'பாரகல்லாஹு லக்க' ஓதுவோம். எல்லோரும் ஆமீன் சொல்வோம். எந்தப் பொருளை அல்லாஹ் தேய்த்து அழிப்பதாகச் சொன்னானோ அதன் மேல் உட்கார்ந்துகொண்டு, அவனிடமே பரக்கத் கேட்கிறோம். அந்த துஆவை மனதாரக் கேட்பவர், பெண் வீட்டாரைக் கடனாளியாக்காமல் மணமேடைக்கு வர வேண்டும். மணமகன் வீட்டார் 'எதுவும் வேண்டாம்' என்று வாயால் சொல்லிவிட்டு, 'உங்க பொண்ணுக்குத்தானே செய்றீங்க' என்று பின்னால் சொல்வதையும் நிறுத்த வேண்டும்.

எங்கெல்லாம் பரக்கத் கேட்கலாம்?

நபிவழியில் இச்சொல்லை வெறும் வாழ்த்தாக இல்லாமல் துஆவாகச் சொல்லும் சந்தர்ப்பங்கள் பல:

• கடனைத் திருப்பிக் கொடுக்கும்போது: நபி (ஸல்) அவர்கள் தமக்குக் கடன் கொடுத்த ஒருவருக்குத் திருப்பிச் செலுத்தியபோது, அவர் குடும்பத்திலும் பொருளிலும் பரக்கத் கேட்டு துஆ செய்தார்கள், கடனுக்குக் கைம்மாறு நன்றியும் திருப்பிச் செலுத்துவதுமே என்றார்கள் (நஸாயீ 4683). கடன் கொடுத்தவரைக் கண்டால் தெரு மாறிப் போகும் நமக்கு இது பாடம்.

• பிறரிடம் நல்லதைக் கண்டால்: ஒருவரின் அழகையோ பொருளையோ பார்த்து வியந்தால் அவருக்காக பரக்கத் கேட்க வேண்டும் என்பது நபிமொழி (இப்னு மாஜா 3509). பொறாமைக்கு இதுவே மருந்து.

• விருந்து உண்டபின்: உணவளித்தவருக்கு வழங்கப்பட்டவற்றில் பரக்கத்தும் மன்னிப்பும் கருணையும் கேட்பது (முஸ்லிம் 2042).

• பிறந்த குழந்தைக்கு: குழந்தைகளை நபி (ஸல்) அவர்களிடம் கொண்டுவருவார்கள், அவர்கள் பரக்கத் கேட்டு துஆ செய்வார்கள்.

• கடன் சுமையில் இருப்பவருக்கு: ஜாபிர் (ரலி) அவர்களின் தந்தை உஹதில் ஷஹீதானபோது கடன் விட்டுச்சென்றிருந்தார். நபி (ஸல்) அவர்கள் ஜாபிரின் பேரீச்சங்குவியலுக்கே நேரில் வந்தார்கள். கடன்காரர்களுக்கெல்லாம் அளந்து கொடுத்தும் பேரீச்சம்பழம் மீதமிருந்தது (புகாரி 2127). கடனாளிக்கு துஆ செய்வதோடு, அவர் வாசலுக்குப் போய் நிற்பதும் சுன்னத்தே.

ஒரு எச்சரிக்கை

இவ்வளவும் படித்துவிட்டு, கஷ்டப்படும் ஒரு குடும்பத்தைப் பார்த்து, "அங்கே பரக்கத் இல்லை, ஏதோ தப்பு செய்திருப்பார்கள்" என்று யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது. உலகிலேயே பரக்கத் நிறைந்த வீட்டில்தான் நபி (ஸல்) அவர்கள் வஃபாத்தான அன்று சிறிது வாற்கோதுமை மட்டும் இருந்தது. பரக்கத்தைப் பற்றிய கேள்வியை நாம் நம் கையைப் பார்த்துத்தான் கேட்க வேண்டும், அடுத்தவர் வீட்டைப் பார்த்து அல்ல.

இன்று இரவு உணவுக்குப் பின் குடும்பத்தோடு உட்கார்ந்து மூன்று கேள்விகளைப் பேசிப் பாருங்கள். நம் வருமானத்தில் பொய்யோ வட்டியோ கலந்திருக்கிறதா? இருந்தால் அதிலிருந்து வெளியேற முதல் அடி எது? நம்மிடம் உள்ளதிலிருந்து இந்த மாதம் யாருக்குப் பயன் போய்ச் சேர்ந்தது? நம் வீட்டு அடுத்த நிக்காஹ் யாருடைய கடனிலும் நடக்காமல் இருக்க என்ன முடிவு எடுக்கலாம்?

யா அல்லாஹ்! நீ தந்தது குறைவோ நிறைவோ, அதை ஹலாலானதாக ஆக்கி, அதில் எங்களுக்கும் எங்கள் பிள்ளைகளுக்கும் எங்கள் மஹல்லாவாசிகளுக்கும் பரக்கத் செய்வாயாக. கடனில் தவிப்போரின் கடனை அடைத்துவைப்பாயாக. ஆமீன்.